காலி டிரம்மின் லேபிள்

வேலை செய்யும் இடத்தில் என் வீட்டுக்காரருக்குப் பூட்டு என்று பெயர். செருப்பு ஒட்டும் பசை தயாரிக்கிற கம்பெனியில் கலவைப் பிரிவில் இருந்தார். சேர்ந்த அன்றே, தொழில் ரகசியத்தை வெளியே சொல்வதில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மற்றவர்கள் படிக்காமல் போட்டார்கள். இவர் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுப் போட்டார். அன்றிலிருந்து "இன்னைக்கு வேலை அதிகமா?" என்று கேட்டால்கூட, "அது உனக்கெதுக்கு?" என்பதுதான் பதில். இந்த மனிதரோடு குப்பை கொட்டுவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத்தான் தெரியும்.

போன மழைக்காலத்தில் போட்டிக் கம்பெனி அச்சு அசலாக இதே பசையை விற்க ஆரம்பித்தது. அங்கே வேலை பார்க்கிறவன் என் தம்பி. முதலாளி சும்மா இருப்பாரா? இவரைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"ஞாயித்துக்கிழமை மச்சானோட என்ன பேசின?"

"கேரம் ஆடினோம் சார்."

"யார் சொன்னதுன்னு மாசக் கடைசிக்குள்ள தெரியலைன்னா, நீதான்னு முடிவு பண்ணிடுவேன்."

வீட்டுக்கு வந்தவர் என்னை முறைத்தார். "நீ ஏதாவது உன் தம்பிகிட்ட உளறினியா?"

எனக்கு வந்ததே கோபம். "நீங்க வாயத் திறந்திருந்தாத்தானே நான் உளற முடியும்?"

அப்படிக் கேட்டுவிட்டேனே தவிர, எனக்கும் தம்பி மேல் சந்தேகம்தான். கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அக்கா, நானும் கையெழுத்துப் போட்டவன். வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும். மாமா கம்பெனியில காலி டிரம்ம பழைய சாமான் கடைக்குப் போடுறாங்கல்ல? அத எங்க ஆளுங்க வாங்கிடுறாங்க. என்னென்ன கலக்குறாங்கன்னு லேபிள் சொல்லுது. டிரம்ம எண்ணினா அளவும் தெரிஞ்சுடுது."

கூட்டிப் பெருக்குகிற அம்மாவிடம்கூடக் கையெழுத்து வாங்கிய முதலாளி, டிரம்மைத் தானே விலை பேசி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

தம்பி போனதும் இவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, "நாளைக்கே முதலாளிகிட்ட சொல்லிடுங்க," என்றேன்.

"யார் சொன்னதுன்னு கேட்பாரு. உன் தம்பியக் காட்டிக் கொடுக்கவா?"

"நீங்களே யோசிச்சதாச் சொல்லுங்க."

"இத்தனை வருஷம் தோணாதது இப்ப எப்படித் தோணிச்சும்பாரு."

இவரே வேறு வழி கண்டுபிடித்தார். தினமும் வேலை முடிந்ததும் கம்பெனிக் கொல்லைப்பக்கம் போய், காலி டிரம்களின் லேபிளைச் சுரண்டி எடுத்தார். ஒரு நாள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்த சூப்பர்வைசர் கையும் களவுமாகப் பிடித்தார். சட்டைப் பை நிறைய லேபிள். யாருக்குக் கொண்டு போகிறாய் என்று கேட்டதற்கு இவர் வாயே திறக்கவில்லையாம். கூட வேலை செய்தவர் வந்து சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். இவரோ, "வேலைய விட்டு ஏன் அனுப்பினாங்க?" என்று நான் கேட்டதற்கு, "வெளிய சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க," என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அழுதுவிட்டேன்.

அடுத்த வாரம் தம்பி வந்தான். மாமாவை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"நடுவுல டிரம் லேபிள் இல்லாம வந்துச்சுக்கா. இப்ப மறுபடியும் லேபிளோட வருது."

இவர் சட்டையை எடுத்து மாட்டினார். "முதலாளிகிட்ட எப்படியாவது சொல்லணும்."

சட்டையைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் முக்கிவிட்டேன்.