எஃப் பத்தை அழுத்தியது யார்?

இதைச் சொன்னால் என் கணவர் இன்றும் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அன்று அந்த அறையில் இருந்தது அவரில்லை, நான்.

1995 அக்டோபர். மலாக்காவில், புக்கிட் ரம்பாய் தாமானில், அந்த வீடமைப்புப் பகுதியில் குடியிருந்தோம். பல வருடம் தற்காலிக ஆசிரியையாக இழுத்தடிக்கப்பட்ட பிறகுதான் எனக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. கடைசி ஆய்வேடு மட்டும் பாக்கி. திங்கட்கிழமை காலை கொடுக்காவிட்டால் இடம் போய்விடும். மறுபடியும் தற்காலிகம்தான்.

அதற்காகவே ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினேன். பத்து பெரண்டாம் என்ற பகுதியில், நவரட்ணம் என்ற பெரியவர் வீட்டில். யாழ்ப்பாணத்துக் குடும்பம்.

“மகளின்ர கம்ப்யூட்டர். அவளுக்கு இனித் தேவையில்லை, பிள்ளை.”

வெளிநாடு போயிருப்பாள் என்று நானே நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

சரஸ்வதி பூஜை வரை அது ஒழுங்காக வேலை செய்தது. பூஜையன்று புத்தகங்களோடு அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். கீபோர்டையும் விடவில்லை. விஜயதசமி காலையில் சுவிட்சைத் தட்டினேன்.

பீப்.

கறுப்புத் திரை. மூலையில் வெள்ளையாக: 44 301. அதன் கீழே, எஃப் ஒன்றை அழுத்தவும் என்ற கட்டளை.

அழுத்தினேன். பீப். மறுபடி அதே எண். அணைத்து, போட்டு, அணைத்து, போட்டு... இருபது தடவைக்கு ஒரு தடவை வழி விடும். உள்ளே போனாலும் நிம்மதி இல்லை. எழுதியதைச் சேமிக்கிற விசை எஃப் பத்து. அதைத் தொட்டால் போதும், பீப் பீப் என்று கத்திக்கொண்டே திரை உறைந்துவிடும்.

“சந்தனத்த அப்பி வச்சா கீ மாட்டிக்காம என்னா பண்ணும்?” என்றார் என் கணவர் சேகரன். “அடுத்து மாலையும் போட்டு விடு லா.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு மேசைதான். அதுவும் என் பேச்சைக் கேட்கவில்லை.

கம்ப்யூட்டர் கடை கணேசமூர்த்தி வந்து பார்த்தார்.

“301-ன்னா கீபோர்டு கோளாறு, டீச்சர். முன்னால வர்ற நம்பர்தான் எந்த கீ அமுங்கி இருக்குன்னு சொல்லும். 44-ன்னா எஃப் பத்து.”

“கீ மேலதானே இருக்கு?”

“அதான் எனக்கும் புரியல.”

சந்தனம் படாத புது கீபோர்டு ஒன்றை மாட்டினார். போட்டார்.

பீப். 44 301.

“உங்க வீட்ல யாராச்சும் அமுக்கிக்கிட்டு நிக்கிறாங்களா?” என்று சிரித்தார். போகும்போது ஒன்று சொன்னார். “கீபோர்டையே கழட்டிப் பாருங்க. அப்ப வெறும் 301 மட்டும்தான் வரணும்.”

சனிக்கிழமை. சேகரனுக்கு மாலை ஷிப்ட். வெளியே மழை. எத்தனையோ தடவை போராடி உள்ளே போனேன். கடைசி அத்தியாயம். எஃப் பத்தின் பக்கமே விரலைக் கொண்டு போகவில்லை. எல்லாம் முடித்துவிட்டு ஒரே ஒரு தடவை சேமித்துக்கொள்வோம், உறைந்தால் உறையட்டும் என்று தட்டிக்கொண்டே இருந்தேன்.

ஏழரை இருக்கும். முடிவுரையில் இன்னும் ஒரு வரிதான்.

இடி.

கரண்ட் போய்விட்டது.

திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. ஒரு மாலை முழுவதும் எழுதியது. சேமிக்காதது. நான் வாய்விட்டே அழுதேன். ஆறுதல் சொல்ல யாரும் இல்லாததுகூட ஒரு வசதியாக இருந்தது.

அப்போதுதான் கேட்டது.

டக்.

நான் எதையும் தொடவில்லை.

டக்... டக்.

விசை அமுங்கும் சத்தம்.

மேசைக்குப் பின்னால் துழாவி, கீபோர்டின் வயரைப் பிடுங்கினேன். இனி அது வெறும் பிளாஸ்டிக்.

டக்.

இருட்டில் மேல் வரிசையைத் தடவிக்கொண்டே போனேன். எட்டு. ஒன்பது. பத்து...

விசை அமுங்கியிருந்தது.

ஆனால் என் விரலில் பட்டது விசை இல்லை.

குளிர்ந்த ஏதோ ஒன்று.

ஒரு நகம்.

கையை இழுத்துக்கொண்டேன்.

கரண்ட் வந்தது.

மேசையில் யாரும் இல்லை. கம்ப்யூட்டர் தானாக உயிர்பெற்றது.

பீப். 44 301.

வயர் என் கையில் இருந்தது.

ஓடியிருக்க வேண்டும். திங்கட்கிழமை என்னை ஓட விடவில்லை. அணைத்தேன். வயரை மாட்டினேன். போட்டேன். பீப் இல்லை. எண் இல்லை. ஆய்வேட்டைத் திறந்தேன்.

கடைசி அத்தியாயம் முழுவதும் இருந்தது. பாதியில் நின்ற அந்தக் கடைசிச் சொல்வரை.

திங்கட்கிழமை கொடுத்துவிட்டேன். அதன் பிறகு அந்தப் பிழை வரவே இல்லை. இருந்தாலும் மனம் கேட்கவில்லை. மறுவாரம் பத்து பெரண்டாமுக்குப் போனேன். நவரட்ணத்தின் மனைவி சந்திராதேவி கதவைத் திறந்தார். கூடத்தில் ஒரு பெண்ணின் படம். மாலை போட்டிருந்தது.

“ஜனகா. என்ர மகள்” என்றார். “போன வருசம், இதே சரஸ்வதி பூசைக் கிழமை. பல்கலைக்கழகத்துக்கு ஏதோ ஆய்வு எழுதிக்கொண்டு இருந்தவள். அவளுக்கு ஆஸ்துமா. நாங்கள் கோயிலுக்குப் போயிட்டம். இங்க கரண்ட் நிண்டு போச்சு.”

படத்து மாலையின் ஓரத்தைச் சரிசெய்தார்.

“வந்து பாக்கேக்க மேசையில சாய்ஞ்சிருந்தாள். மருந்து பக்கத்திலதான் இருந்தது, எடுக்கேல்லை. விரல் ஒரு கீயில. விரலை எடுக்க ஏலாமப் போச்சு, பிள்ளை. அமத்தி அமத்தி நகம் உடைஞ்சிருந்தது.”

“எந்த கீ, ஆன்டி?”

“மேல எஃப் வரிசை. அதில கடைசியில இருந்து மூண்டாவது.”

“அவங்க எழுதினது... கிடைச்சதா?”

சந்திராதேவி படத்தைப் பார்த்தார்.

“ஒரு சொல்லும் மிஞ்சேல்லை.”