சாவிக்கு முந்தைய வயர்

பேட்டரி அண்ணனிடம் ஓட்டை இல்லாத சட்டை ஒன்றுகூடக் கிடையாது. முப்பத்தொரு வருஷம் தொலைபேசி நிலையத்தின் பேட்டரி அறையில் வேலை பார்த்தவர். ஆசிட் ஒரு துளி தெறித்தால் துணி அன்றைக்கு ஒன்றும் சொல்லாது; துவைத்துக் காயப்போடும்போதுதான் கடுகளவு ஓட்டை தெரியும். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் வயிற்றுப் பக்கம் சல்லடையாகிப்போன சட்டையோடுதான் எங்களுக்குக் கதவைத் திறப்பார். புதுச் சட்டை வாங்கினால் அதை இந்தப் பதத்துக்குக் கொண்டுவர இன்னொரு முப்பது வருஷம் ஆகும், அதற்கு எனக்கு நேரமில்லை என்பார்.

நாங்கள் என்றால் பழைய மோட்டார் சைக்கிள் பைத்தியங்கள் ஒன்பது பேர். பல் டாக்டர், தையல்காரர், லாரிக்கு பெயிண்ட் அடிப்பவர் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத கூட்டம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் கூடுவோம். பழைய வண்டியைப் புதுப்பிக்கும்போது பெயிண்ட்டைச் சுரண்டலாமா கூடாதா என்பதில் மட்டும் நாலு வருஷமாகச் சண்டை ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனியிலிருந்து வந்த பெயிண்ட் மேல் கைவைக்கவே கூடாது என்பது டாக்டர் கட்சி. மனுஷன் வாயிலிருக்கும் ஒரிஜினலையெல்லாம் பிடுங்கிப் போடுகிறவர் டேங்க்கின் ஒரிஜினலுக்காகக் கண்ணீர் விடுகிறாரே என்று பெயிண்டர் கேட்பார். அதற்கு மேல் விவாதம் நகராது, டீ வந்துவிடும்.

எனக்கு அங்கே டைரக்டர் என்று பெயர். ஹெல்மெட்டில் கேமராவை மாட்டிக்கொண்டு போகிற பயணத்தையெல்லாம் படமெடுத்து இணையத்தில் போடுவேன். பார்ப்பவர்கள் முந்நூறு பேர், அதில் பாதி என் மனைவியின் சொந்தக்காரர்கள். பிழைப்புக்குச் செய்வது லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. அதனால் வயர் விஷயத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

எங்கள் ஒன்பது வண்டிகளின் பேட்டரியும் அண்ணனின் பொறுப்பு. மாதத்தின் முதல் ஞாயிறு ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜைமேல் வைப்பார். மூடியைத் திறந்து ஆசிட்டின் அடர்த்தி பார்ப்பார், பேட்டரிக்குள் தண்ணீர் குறைந்த அறையில் மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விடுவார், முனைகளில் வாசலின் தடவுவார். குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்த தையல்காரரோடு இரண்டு வாரம் பேசவில்லை. அவசரமாகச் சார்ஜ் ஏற்றுவதும் பிடிக்காது. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி மெதுவாக ஏற்ற வேண்டும், திணித்தால் கக்கிவிடும் என்பார்.

பேட்டரி அறையிலிருந்து அவர் கொண்டுவந்த இன்னொரு பழக்கம் உண்டு. அங்கே ஷிஃப்ட் மாறும்போது, போகிறவர் எது சரி, எது சரியில்லை என்று வாயால் சொல்ல வேண்டும். வருகிறவர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். சொன்ன பிறகு போய்த் தடவிப் பார்த்தால் அது அவமானப்படுத்துவது. ஒரு ஆள் தான் கைவைத்த வயரைப் பற்றிப் பொய் சொன்னால் ஊரே ஊமையாகிவிடும், ஆகவே எவனும் சொல்ல மாட்டான் என்பது அவருடைய கணக்கு. முப்பத்தொரு வருஷம் அந்தக் கணக்கு தப்பவில்லை.

அவருடைய சொந்த வண்டி ஒரு கோழிப் பண்ணையில் கிடந்தது. எடுத்து வந்தபோது சைலன்சருக்குள் முட்டை இருந்தது. மூன்று வருஷம் அதோடு மல்லுக்கட்டினார். டேங்க்கின் நசுக்கல்களை உள்ளேயிருந்து தட்டி எடுத்தார், ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கோத்தார், வயரிங் முழுவதையும் தானே புதிதாகப் போட்டார். முடிந்ததும் அவருக்கு ஓர் ஆசை: முதல் நீண்ட பயணத்தில் மகள் பின்னால் உட்கார வேண்டும். மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், தாயில்லாத பெண், எங்கள் எல்லோரையும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். அறுபத்தாறு வயதில் அப்பாவுக்கு மோட்டார் சைக்கிள் எதற்கு என்பது அவள் கட்சி. கெஞ்சிக் கூத்தாடி, ஏரிவரை ஒரே ஒருமுறை வருவதாகச் சம்மதிக்க வைத்தார்.

அந்தப் பயணத்தை முழுதாகப் படமெடுக்க வேண்டும் என்று எனக்கு வெறி. ஹெல்மெட் கேமரா பாதி வழியில் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிடும். அதனால் அண்ணன் வண்டியின் ஹேண்டில்பாரில் இன்னொரு கேமராவைப் பொருத்தி, அதற்குச் சார்ஜ் கொடுக்கத் தீப்பெட்டி அளவு பெட்டி ஒன்றை ஹெட்லைட் கூட்டுக்குள் வைத்தேன். இம்மாதிரிப் பெட்டிக்கு வயரைச் சாவிக்குப் பின்னாலிருந்து எடுக்க வேண்டும். அப்போதுதான் சாவியை அணைத்தால் அதுவும் அணையும். சாவிக்கு முன்னால் எடுத்தால் வண்டி சும்மா நின்றாலும் இரவும் பகலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். எனக்கு அது தெரியும். ஆனால் கையில் சிக்கியது முந்தைய வயர். வண்டியை நிறுத்தி டீ குடிக்கும்போதும் கேமரா சார்ஜ் ஆகுமே, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று அதிலேயே இணைத்தேன்.

அண்ணன் கை கழுவிக்கொண்டு வந்து, ஹெட்லைட்டை மூடும் என்னைப் பார்த்து, "சாவிக்குப் பின்னாலதானே எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே," என்றேன்.

அவர் தலையாட்டினார். கையெழுத்துப் போட்ட மாதிரி.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு நாள் யாரும் வண்டியை வெளியே எடுக்கவில்லை. லிஃப்ட் கிணறுகளில் தண்ணீர் புகுந்து எனக்கு மூச்சுவிட நேரமில்லை. வயரை மறந்தே போனேன். பதின்மூன்றாம் நாள் ஞாயிறு, வெயில். எட்டு வண்டிகள் தெருவில் உறுமிக்கொண்டு நின்றன. மகள் புது ஹெல்மெட் போட்டு, வாரைக் கட்டி, அப்பாவின் தோளைப் பிடிக்கத் தயாராக நின்றாள். அண்ணன் உதைத்தார். வண்டி மூச்சு விடவில்லை. மறுபடி உதைத்தார். முப்பது உதை இருக்கும். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று தையல்காரர் பழைய கோபத்தோடு சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள்.

எனக்கு இரண்டாவது உதையிலேயே அந்த வயர் ஞாபகம் வந்துவிட்டது.

அண்ணன் பேட்டரியைக் கழற்றி அடர்த்தி பார்த்தார். சுத்தமாகக் காலி; பேட்டரி இல்லாமல் அந்த வண்டியில் பொறி வராது. எல்லோர் முன்னாலும் நிமிர்ந்து, கோபமே இல்லாமல், "டைரக்டர், உங்க வயர் சாவிக்குப் பின்னாலதானே?" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். எட்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சாவிக்கு முன்னால் எது பின்னால் எது என்று தெரியவில்லையா என்று நாலு வருஷம் ஓட்டுவார்கள். அந்தக் கேலிக்குப் பயந்தேன். பின்னால்தான் என்று சொன்னேன். என் ஹெல்மெட் கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் அந்தப் பதில் படத்தில் இருக்கிறது. தயக்கம்கூட இல்லை, வெண்ணெய் மாதிரி வந்து விழுகிறது.

"அப்போ நான்தான்," என்றார் அவர். நிறுத்தும்போது எரிகிற சின்ன விளக்கை அணைக்காமல் போயிருப்பேன், காலையில் கவனிக்காமல் சுவிட்சைத் திருப்பியிருப்பேன் என்று தனக்கே விளக்கம் சொல்லிக்கொண்டார். மகள் ஹெல்மெட்டைக் கழற்றி, பரவாயில்லைப்பா என்றாள்.

அன்று சாயங்காலம் நான் செய்ததுதான் முதல் இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டது. கேமராவைக் கழற்றிக்கொள்கிறேன் என்று சாக்குச் சொல்லிப் போய், அவர் உள்ளே இருக்கும்போது ஹெட்லைட்டைத் திறந்தேன். வயரைச் சாவிக்குப் பின்னால் மாற்றினேன். முதலில் இணைப்புக்காக வயரின் தோலைச் சீவின இடம் தெரியக்கூடாது என்று அந்தத் துண்டையே எடுத்துவிட்டு அதே நிறத்தில் புதுத் துண்டு போட்டேன். என் ஆயுளிலேயே அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். இனிமேல் பேட்டரி இறங்காது, விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் யார் என்பதை மறந்துவிட்டேன். பேட்டரியை இரண்டு நாள் மெதுவாக ஏற்றி, வண்டியில் மாட்டி, சரியாகப் பன்னிரண்டு நாள் தொடாமல் நிறுத்தி வைத்தார். பதின்மூன்றாம் நாள் அடர்த்தி பார்த்தார். ஒரு புள்ளி இறங்கவில்லை. எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். பேட்டரி மேலும் தப்பில்லை, வயரிங் மேலும் தப்பில்லை, மிச்சம் இருப்பது ஓர் ஆள்தான் என்றார். நான் திருத்தி வைத்தது அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. வயரைத் தொடாமல் விட்டிருந்தால்கூட அன்றைக்கு உண்மை வெளியே வந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவர் எதை மறந்தாலும் அது கணக்கில் சேர்ந்தது. மூக்குக் கண்ணாடியைக் குளியலறையில் விட்டது, அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பிப் போனது. நானும் நீங்களும் தினம் செய்வதுதான். மகள் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வயசுதான், கவனமாகப் பாருங்கள் என்றார் அங்கிருந்த டாக்டர். அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு அண்ணன் எங்கள் எட்டுப் பேரின் பேட்டரியையும் துடைத்து அவரவர் கையில் கொடுத்துவிட்டார். "மறந்துபோய் ஆசிட்டைக் கீழே மேலே ஊத்திட்டேன்னா?" என்றார். பெயிண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது அன்றைக்கு என் கையில் ஐந்து கிலோ எடையோடு இருந்தது.

ஆறு மாதம். வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தி, என்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று கேட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லக் கிளம்பினேன். அங்கே போனதும் கார்புரேட்டரைப் பற்றிப் பேசினேன். கடைசியில் பல் டாக்டர் போன் செய்து, அண்ணன் வண்டியை விற்கிறாராம், வாங்குகிறவர் பதினோரு மணிக்கு வருகிறாராம் என்றார். நான் பத்து மணிக்குப் போனேன்.

கொட்டகையில் டேங்க்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். முதல் பொய், இரண்டாவது பொய், சாயங்காலம் திருட்டுத்தனமாக மாற்றியது. அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு முழுதாகக் கேட்டார். அப்புறம் திருப்புளியை எடுத்து ஹெட்லைட்டைக் கழற்றினார். என் நெஞ்சு லேசானது. மூக்குக் கண்ணாடியைப் போட்டு, வயரை விரலால் நீவிக்கொண்டே போய்ச் சாவிவரை பார்த்தார்.

"சாவிக்குப் பின்னாலதானே இருக்கு," என்றார்.

"மாத்திட்டேண்ணே. அதைத்தான் சொல்றேன்."

"முன்னால வெட்டுன தழும்பு இருக்கணுமே?"

"அந்தத் துண்டையே எடுத்துட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். கோபப்படுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் கண் கலங்கியது. என் தோளைப் பிடித்து, "எட்டுப் பேர் முன்னால கேட்டேன், பின்னாலதான்னு சொன்னீங்க. நீங்க அப்படிப் பொய் சொல்ற ஆளா? எனக்காக இப்படிப் பழியை இழுத்துப் போட்டுக்காதீங்க," என்றார். நான் சத்தியம் செய்தேன். செய்யச் செய்ய அவர் முகத்தில் என் மேல் பிரியம்தான் கூடியது.

மகள் டீயோடு வந்தவள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவளிடமாவது புரியவைக்கலாம் என்று வெளியே போனேன். அவள் வாய் திறக்க விடவில்லை. "ரொம்ப நன்றி சித்தப்பா. ஆனா வேண்டாம், விட்டுடுங்க. இப்பதான் அவர் மனசைத் தேத்திக்கிட்டு இருக்கார்," என்றாள். அவள் நீட்டிய டீயை வாங்கிக்கொண்டேன்.

வாங்குகிறவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். அண்ணன் ஓர் உதையில் வண்டியைக் கிளப்பிக் காட்டினார். பேட்டரிக்கு எப்போது தண்ணீர் பார்க்க வேண்டும், எப்படி ஏற்ற வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. பிறகு சாவியை அவர் கையில் வைத்து, என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினார்.

"வயர்ல ஏதாவது சந்தேகம்னா இவரைக் கேளுங்க," என்றார். "இவர் சரின்னு சொன்னா சரி. நீங்க திறந்தே பார்க்க வேண்டாம்."

வாங்கியவர் என் நம்பரைக் கேட்டார். கொடுத்தேன்.