தொட்டி பற்றவைக்காத திதி

சாய்யுன் ஈரத் துண்டுகளைப் பிழிந்து, மகள் அறைக் கதவின் அடியிடுக்கில் திணித்துக்கொண்டிருந்தாள். மாமனாரின் திதியன்று அவளுக்கு முதல் வேலை இதுதான். படையலுக்குக் கோழி வேகவைப்பதெல்லாம் பிறகு.

எட்டு வயது யூசினுக்கு இழுப்பு. போன வருஷம் வாசலில் இரும்புத் தொட்டி வைத்துத் தாத்தாவின் மேலுலகச் செலவுக்கென்று காகிதப் பணம் எரித்தார்கள். அன்று சாயங்காலமே பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டியதாயிற்று. அதிலிருந்து சாய்யுன் ஸ்கூட்டரைக்கூடச் சந்துமுனையிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவாள். பெட்ரோலை மிச்சம் பிடித்து மாடி கட்டப்போகிறாள் என்று எதிர்வீட்டிலிருந்து நானே கேலி பேசியிருக்கிறேன். தாய்ச்சுங் நகரத்தில் எங்கள் சந்து அவ்வளவு குறுகல். ஒரு வீட்டுப் புகை இன்னொரு வீட்டுச் சோற்றில் மணக்கும்.

இந்த வருஷம் காகிதத்தை நகராட்சி வண்டியில் கொடுத்துவிடலாம், புகையை வடிகட்டும் பெரிய உலையில் எரிப்பார்கள் என்றாள் சாய்யுன். புருஷன் செங்யி தலையாட்டினான். அவனுடைய அக்கா சியூவோ ஒப்பவில்லை.

"ஊர்ப்பணத்தோட கலந்துடுமே. அப்பாவோடத எவனாச்சும் அள்ளிட்டுப் போனா?"

"அங்கயும் சண்டை போட்டு வாங்கிக்குவாரு, விடுக்கா" என்றான் செங்யி.

"நீ சும்மா இரு. அவர்கிட்டயே கேட்டுடுவோம். முடியாதுன்னா தொட்டியப் பத்தவைக்கிறேன்."

கேட்பதென்றால், ஒரு பக்கம் தட்டையும் மறுபக்கம் முதுகுபோல் வளைவுமான இரண்டு பிறை மரத்துண்டுகளை, முன்னோர் பெயர் எழுதிய பலகைக்கு முன்னால் போடுவது. ஒன்று தட்டைப் பக்கம் மேலாக, ஒன்று முதுகு காட்டி விழுந்தால் சம்மதம். இரண்டும் முதுகு காட்டினால் மறுப்பு. இரண்டும் தட்டையென்றால் அவர் சிரிக்கிறார்; கேள்வி சரியில்லை.

சியூவோ முதலில் கேட்டாள். "அப்பா, ஒங்க பணத்தக் கண்ட எடத்துல கொண்டுபோய்க் கொட்டச் சொல்றா ஒங்க மருமக. சம்மதமா?"

இரண்டும் தட்டை. மறுபடி போட்டாள். மறுபடியும் தட்டை.

"நீ கேக்குற அழகுக்கு நானே சிரிப்பேன்" என்றேன், படையல் பார்க்க வந்து வாசற்படியில் நின்றிருந்த நான்.

சாய்யுன் மண்டியிட்டு மரத்துண்டுகளை வாங்கிக்கொண்டாள். உள்ளறையில் யூசின் இருமினாள்.

"மாமா, பாப்பா பொறந்ததுலேர்ந்து நீங்க வீட்டுக்குள்ள சிகரெட் பிடிக்கல. மழையிலயும் குடையப் பிடிச்சிக்கிட்டு சந்துல போய் நின்னீங்க. ஒங்க பணத்தையும் அதே மாதிரி கொஞ்சம் தள்ளி எரிக்கட்டுமா?"

ஒன்று தட்டை, ஒன்று முதுகு.

"மூணு தடவ விழணும், அதுதான் கணக்கு" என்றாள் சியூவோ. குரலில் முன்பிருந்த வீம்பு இல்லை.

இரண்டாம் முறையும் சம்மதம். மூன்றாம் முறை ஒரு துண்டு முதுகு காட்டி நிற்க, மற்றது மேஜைக்கடியில் ஓடிவிட்டது. செங்யி குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தான்.

"தட்டைதான். சரின்னுட்டாரு."

சாய்யுன் மண்டியிட்டபடியே நெற்றியைத் தரையில் வைத்தாள். கும்பிடுவதற்கா, இளைப்பாறுவதற்கா என்று சொல்ல முடியாது. சியூவோ தொட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, காகிதக் கட்டுகளைப் பையில் அடுக்கினாள். பிறகு பேனாவைத் தேடி எடுத்தாள்.

"பை மேல அப்பா பேரு மட்டும் எழுதினா போதுமா, வீட்டு விலாசமும் வேணுமா? சாய்யுன், ஒன்னத்தான் கேக்குறேன்."

சாய்யுன் அதற்குள் எழுந்து, கதவிடுக்கிலிருந்த ஈரத் துண்டுகளை எடுக்க உள்ளே போய்விட்டாள்.