படலையடிக்கு வந்த பதில்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுத் தீபாவளியோடு என் கணவரின் இன்சுலின் தீரும் நிலைக்கு வந்துவிட்டது. இன்றைக்கும் அதை நான் மறக்கவில்லை, அடியார்களே.

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் இருந்தோம். போரால் மருந்து வரும் பாதைகள் அடைபட்டிருந்தன. ஆஸ்பத்திரியில், "அடுத்த கிழமை வந்து பாருங்கோ" என்றார்கள். அவருக்கோ ஊசி இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. இந்த லட்சணத்தில் மனுசன் தீபாவளியன்று எனக்குத் தெரியாமல் சர்க்கரை போட்ட பயித்தம் பணியாரத்தை அள்ளித் தின்றிருக்கிறார்! நான் கத்தினேன்.

"நாக்குக்குக் கொஞ்சம் சந்தோசம் குடுத்தால் என்ன குறைஞ்சு போச்சு?" என்று சிரித்தார்.

அந்தச் சந்தோஷம் தொண்டைக்குள் இறங்கும் மட்டும்தான். மிச்ச மருந்தும் முடிந்தது. வாந்தி தொடங்கியது.

நான் கந்தசஷ்டி விரதம் பிடித்திருந்தேன். தண்ணீர் மட்டும்தான். "முருகா, ஒரு குறையுமில்லாமல் விரதத்தை முடிக்கிறன், இவரை எனக்கு விட்டுவிடு" என்று நேர்ந்திருந்தேன். ஒருநாள் கோயிலில் அடக்க முடியாமல் வாய்விட்டு அழுதேன். உனக்குக் கண்ணில்லையோ என்று அவனோடு சண்டையும் பிடித்தேன்.

மறுநாள் காலை அவர் மூச்சை இழுத்து இழுத்து விட்டார். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. என் அண்ணை வாகனம் தேடி ஓடினார். அப்போது வாசல் படலையில் ஒரு குரல் கேட்டது. முன்பின் தெரியாத ஒரு அம்மா, கையில் சின்ன மண்முட்டிப் பானையோடு வெளியே நின்றார்.

"நான் செத்தவீட்டுத் துடக்குக்காரி, பிள்ளை. முந்தநாள் ஷெல் விழுந்து எங்கடை வீட்டுக்காரர் மோசம் போயிட்டார். அவருக்கும் உந்த ஊசிதான். நீ கோயிலிலை அழுததைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து சொன்னது. குளிர்ச்சிக்கு ஈர மணலுக்கை ரெண்டு போத்தில் கிடக்கு. பிடி."

என் கை நீளவில்லை. செத்தவீட்டுப் பொருளைத் தொட்டால் விரதம் முறிந்துவிடும். என் கணவரின் உயிரே அந்த விரதத்தில் தொங்குகிறது என்று நம்பியிருந்தவள் நான். கேட்டதைக் கொடுத்துவிட்டு, இப்படியும் சோதிப்பாயா முருகா?

அந்த அம்மாவுக்கு விளங்கிவிட்டது. "நான் நிலத்திலை வைக்கிறன். தண்ணி தெளிச்சுப்போட்டு எடு" என்று குனிந்தார்.

ஐயோ, உயிரைக் கொண்டுவந்தவர் எனக்காக நிலத்தில் குனிவதா! முறிஞ்சால் முறியட்டும் என்று முட்டியையும் அவர் கைகளையும் சேர்த்துப் பிடித்தேன். அப்படியே உள்ளே ஓடி ஊசியைப் போட்டேன். மிச்சத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அன்று பின்னேரம் அவர் கண் திறந்து, "இஞ்சேரும், விடாய்க்குது" என்றார். நான் தண்ணீர் பருக்கினேன். என் விரதத்தை முறித்ததும் முருகனே, என் வேண்டுதலைக் கேட்டதும் அவனே.

அவர் எழும்பி நடந்ததும் இருவருமாக அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனோம். "அந்த நிலையிலை ஏனம்மா நீங்களே வந்தனீங்கள்? ஆரிட்டையும் குடுத்துவிட்டிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"எங்கடை வீட்டிலை சாவைத் தவிர ஒண்டும் இல்லை, பிள்ளை. எங்கையாவது ஒருத்தர் பிழைக்கிறதை என்ரை கண்ணாலை பாக்கவேணும் போல கிடந்தது." என் கணவரை ஏற இறங்கப் பார்த்தார். "இண்டைக்குப் பாத்திட்டன்" என்று சிரித்தார்.

கூரை பாதி இல்லாத வீடு அது. அங்கே அந்த முகத்தில் கண்டதைத்தான் நான் சந்தோஷம் என்று சொல்வேன். அதை எந்த ஷெல்லாலும் எடுக்க முடியவில்லை. அதன்பின் எங்களுக்கு ஒரு போத்தல் கூடுதலாகக் கிடைத்தால், யாருக்கு இல்லை என்று விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

மனமுடைந்து இருக்கிறவர்களே, கேளுங்கள். சண்டை பிடித்தாவது கேளுங்கள், முருகன் தருவான். அதைக் கொண்டு வருகிறவர் படலைக்கு வெளியே தயங்கி நின்றால், ஓடிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வாருங்கள்.