டெல்மர் ஹாக் தடுத்த ஓட்டங்கள்

டெல்மர் ஹாக் பெரிய லீகில் எட்டு வருடம் பேஸ்பால் பந்து வீசினான். பத்தொன்பது வெற்றி, முப்பத்து நாலு தோல்வி. எங்கள் கியோகக் ஊரில் அதைக்கூட யாரும் சொல்ல மாட்டார்கள். எண்பத்தாறு செப்டம்பரில், பருவத்தின் கடைசி ஆட்டத்தில் அவன் வீசிய பந்தை எதிரணிக்காரன் வேலிக்கு வெளியே அடித்ததைத்தான் சொல்வார்கள். அந்த ஒரு அடியில் கோப்பை போனது.

நானும் அதே அணியில் இருந்தேன். களத்தில் இறங்கியவன் அல்ல. வேலியோரக் கொட்டகையில் டெல்மருக்கு, எங்களுக்கு அவன் டெல், கை சூடேறும்வரை அவன் பந்துகளைப் பிடிப்பது என் வேலை. சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டு பொழுதெல்லாம் அரட்டை அடிப்போம். ஆளை அனுப்பச் சொல்லி அணி மேலாளர் கூப்பிடும் தொலைபேசி மணி அடித்ததும் பேச்சை நிறுத்திவிடுவான். நிம்மதியான நேரத்தில் அவனை யாரும் கூப்பிட்டதில்லை. முதலில் வீசியவன் களைத்துப்போய், எதிரணி ஆட்கள் இரண்டு மூன்று பேர் தளங்களில் நிற்கும்போதுதான் கூப்பிடுவார்கள். அவர்கள் ஓடி முடித்தால் ஓட்டம் முன்னால் வீசியவன் பேரில் ஏறும். டெல் தடுத்துவிட்டாலோ அவன் பேரில் எதுவும் ஏறாது.

ஆட்டத்தை விட்டபின் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டினான். மைதானத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

தானியக் கிடங்கில் முப்பது வருடம் லாரிகளுக்கு எடை போட்ட மார்வா, ஓய்வுபெற்றதும் பழைய ஆட்டக் குறிப்புகளில் இறங்கினார். டெல்லின் நானூற்றுப் பதினோரு ஆட்டங்களையும் படித்து முடித்து, ஒரு பிப்ரவரி சனிக்கிழமை நூலகத்தில் அதைப் பற்றிப் பேசுவதாக அறிவித்தார். டெல் வரமாட்டேன் என்றான். நான்தான் இழுத்துப்போய்க் கடைசி வரிசையில் உட்காரவைத்தேன்.

"இவர் உள்ள வந்தப்ப தளங்கள்ல நின்னவங்க மொத்தம் எறநூத்தி நாப்பத்தெட்டு பேர்," என்றார் மார்வா. "ஓடி முடிச்சவங்க அம்பத்திரண்டு பேர்தான். வேற யார் வீசியிருந்தாலும் எம்பது பேராவது முடிச்சிருப்பாங்க."

குறையையும் அவர் மறைக்கவில்லை. தளங்கள் காலியாக இருந்தபோது டெல் சராசரிக்கும் கீழே என்றார்.

"ஆளே இல்லன்னா எனக்குத் தூக்கம் வந்துடும்," என்றான் டெல். கூடம் சிரித்தது.

பிறகு மார்வா அந்தச் செப்டம்பர் பந்துக்கு வந்தார். அதை வீசுவதற்கு முன் எங்கள் அணி வெல்ல எழுபத்தெட்டு சதவீத வாய்ப்பு இருந்தது, வீசியபின் ஒன்றுமில்லை.

"ஆனா அதுக்கு முந்தின அஞ்சு நாளும் தொடர்ந்து வீசியிருக்கார். அதுல ஒருத்தரைக்கூட பந்தை அடிக்கவிடாம ஸ்ட்ரைக் அவுட் பண்ணல. அது இவர் வழக்கமே இல்ல. அந்த வாரம் என்ன ஆச்சுன்னு எண்கள்ல தெரியல."

டெல் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எழுந்துவிட்டேன். அந்தக் கடைசி ஆட்டத்தன்று கொட்டகையில் அவனுடைய நாலாவது பந்தே உயிரில்லாமல் என் கையுறையில் விழுந்தது. யாரிடமும் சொல்லாதே என்றான். தொலைபேசியில் மேலாளர் கேட்டபோது நான் உண்மையைச் சொல்லவில்லை. என் மனைவிக்குக்கூட இது தெரியாது.

"அவனால கையத் தூக்கவே முடியல," என்றேன். "தயாரா இருக்கான்னு சொன்னது நான்தான்."



"உக்காருடா ஓரின்," என்றான் டெல். "வீசணும்னு ஆசப்பட்டது நான். நீ வேற மாதிரி சொல்லியிருந்தா உன் மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டேன்."

முப்பது வருடம் அவனைச் சீண்டிய கறிக்கடை ரே, வாசலில் காத்திருந்து கைகுலுக்கிவிட்டுப் போனான்.

அந்தக் கோடையில் ஆற்றங்கரை மைதானத்துக்கு டெல்லே என்னையும் மார்வாவையும் கூப்பிட்டான். கல்லூரிப் பையன்கள் ஆடுவார்கள். மார்வா நோட்டில் குறித்துக்கொண்டே இருப்பார். "எண்ணெல்லாம் சரிதான். அந்தப் பையன் பயந்துபோயிருக்கான் பாருங்க, அதை எங்க எழுதுவீங்க?" என்பான் டெல். அவர் ஓரத்தில் அதையும் எழுதிக்கொள்வார்.

நாலு கோடைகள் அப்படிப் போயின. ஐந்தாவது வருவதற்குள் டெல் போய்ச்சேர்ந்துவிட்டான். பெரிய லீகில் நான் இருந்த வருடங்கள் அத்தனையையும் கொடுத்தாவது அந்த நாலில் ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்வேன்.