கலியாண வீட்டுப் பாட்டு

எங்கள் குழு ஐந்து அல்பம் போட்டது. கடைசி அல்பத்தை மட்டும்தான் சனம் விரும்பிக் கேட்கிறது. அதிலுள்ள மெட்டுகள் எல்லாம் என்னுடையவை. இதை இப்போதாவது எழுதி வைக்காவிட்டால் வயிறெரிந்தே செத்துப்போவேன்.

நாங்கள் நான்கு பேர். கொட்டாஞ்சேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் ஒத்திகை. எட்டு வருடமாகப் பல்லவி இல்லாத, கால் மணி நேரம் ஓடுகிற பாட்டுகள். ஒன்றில் தகரத்தைச் சங்கிலியால் அடித்த சத்தம் மட்டும்தான். இருபது பேர் வந்தால் எங்களுக்கு அது பெரிய கூட்டம். நான் பேஸ் கிட்டார். மனதில் நிற்கிற மாதிரி ஒரு மெட்டைக் கொண்டுபோனால், வெள்ளவத்தையிலிருந்து வருகிற எங்கள் பாடகன், "இது கலியாண வீட்டுப் பாட்டடா" என்பான். மற்ற இருவரும் சிரிப்பார்கள். வெட்கம் கெட்டவன், நானும் சிரிப்பேன்.

பிறகு அவனுக்குக் கனடா விசா கிடைத்தது. போவதற்கு முன் எல்லாரும் வாய்விட்டுப் பாடுகிற மாதிரி ஒன்று செய்ய ஆசை வந்துவிட்டது. என் வீடு தேடி வந்து, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தபடி, அந்தப் பழைய மெட்டுகள் இன்னும் இருக்கின்றனவா என்று கேட்டான். இருந்த ஒன்பது மெட்டையும் கொடுத்தேன். அல்பம் வந்ததும் வானொலியில் போயிருந்து, எளிமையை நோக்கித் தான் செய்த பயணம் பற்றி அரை மணி நேரம் கதைத்தான். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. அன்றே மனதில் கறுவிக்கொண்டேன்.

கடைசிப் பாட்டு விடைபெறும் பாட்டு. அவன் "போயிட்டு வாறன்" என்று பாட, சபை "போயிட்டு வா" என்று பதில் பாட வேண்டும். பதிலை என் மைக்கில் நான்தான் தொடங்கிக் கொடுப்பேன். எங்கள் வீடுகளில் பாண் வாங்கக் கடைக்குப் போகிறவனைக்கூட வெறும் ‘போ’ சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

வெள்ளவத்தை மண்டபத்தில் நடந்த பிரியாவிடைக் கச்சேரியில் இரண்டு சுற்று ஒழுங்காகப் போனது. மூன்றாவதில் நான் வேகத்தை இரட்டிப்பாக்கினேன். டிரம்ஸ்காரன் என் பின்னால் ஓடி வந்தான். அந்த வேகத்தில் பதிலுக்கு ஓரெழுத்துக்குத்தான் இடமிருந்தது. அந்த ஓரெழுத்தை மைக்கில் எடுத்துக் கொடுத்தேன். சபை விளையாட்டென்று நினைத்துப் பிடித்துக்கொண்டது.

முந்நூறு பேர் கைதட்டிக்கொண்டு, சந்தோஷமாக, அவன் முகத்துக்கு நேரே "போ, போ" என்றார்கள். முன்வரிசையில் இருந்த அவனுடைய அம்மா கைதட்டுவதை நிறுத்திவிட்டார். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் விடவில்லை, இன்னும் எட்டுத் தரம் சுற்றினேன். அவ்வளவு நன்றாக நான் ஒருநாளும் வாசித்ததில்லை.

முடிந்தபின் மேடைக்குப் பின்னால் அவன் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தான். நான் கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். வாசலைத் தாண்டும்போது, பழக்கதோஷத்தில், என் வாய் "போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டது.

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"போ" என்றான்.