நெல் மூட்டைகளுக்கு நடுவே வீணை

கிராமபோன் வைத்திருக்கும் எங்கள் சின்ன அறையில் நான் இதுவரை வீணையை ஒழுங்காகக் கேட்டதே இல்லை. வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவர், ஒரு மீட்டலை நாலாகத் திருப்பி அடிக்கும்.

இந்த அறுப்பில் குதிர் நிரம்பிவிட்டது. மிச்ச நெல்லைச் சாக்கில் கட்டி அந்த அறைச் சுவரோரம் கூரைவரை அடுக்கினோம்.

இன்று மத்தியானம் இசைத்தட்டைப் போட்டேன். எதிரொலி இல்லை. ஒவ்வொரு மீட்டலும் ஜன்னல் வெயிலில் மிதக்கும் நெல் தூசிபோல நின்று, மெல்ல அடங்கியது. என் மனைவி கண்மூடி மூட்டையில் சாய்ந்துவிட்டாள்.

அப்போது இலுப்பூர் நெல் வியாபாரி உள்ளே வந்தார்.

"வண்டி நிக்குதுங்க. மூட்டைய ஏத்தலாமா?"

கண்ணைத் திறக்காமலே அவள் சொன்னாள்: "நெல்லு இன்னும் ஈரமா இருக்குங்க."

அவர் ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார்.

'நறுக்'.

அந்த அறையில் அது மூன்று பேருக்கும் நன்றாகவே கேட்டது. சுக்காகக் காய்ந்த நெல்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தட்டு முடியும்வரை தரையில் கிடந்த ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு, "ஆமாங்க, ஈரந்தான். இன்னொன்னு போடுங்க" என்றார்.

நெல் எப்போது காயும் என்று அவர் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். வேண்டுமானால் ஆளுக்கொரு இசைத்தட்டோடு வாருங்கள்.